நீலப் புத்தகமும் பச்சைப் புத்தகமும்

மார்ச் 3
மார்ஷ்கேட், லங்காஷயர்

ஹிலரி,

நீங்கள் அந்தப் பிள்ளைகளை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போனீர்கள். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு நேரமில்லை.

நவம்பரில் வகுப்பின் நடுவே மார்க்கரை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனவர் திரும்பி வரவேயில்லை. கிறிஸ்துமஸ் வரை தற்காலிக ஆசிரியர்கள் வந்து போனார்கள். ஒருவர் தினமும் திமிங்கிலப் படம் போட்டாராம். ஜனவரியில் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். "உங்க டைம்டேபிள்ல இடம் இருக்கு ஜோயல். ஸ்லைடு எல்லாம் ரெடியா இருக்கு. வாசிச்சாப் போதும்." நான் உடற்பயிற்சி ஆசிரியன். முழங்கால் பிசகினால் கட்டத் தெரியும். மழையில் முப்பது பேரை ஓடவைக்கத் தெரியும். பதினோராம் வகுப்புக்கு, அதுவும் மே மாதம் அரசுத் தேர்வு எழுதப்போகிறவர்களுக்கு, இயற்பியல் நடத்தத் தெரியாது.

நேற்று மின்சாரம். லேசி ரிம்மர் கையைத் தூக்கினாள்.

"சார், கம்பிக்குப் போட்ட கிராஃப் கோடு நேராப் போச்சு. பல்புக்கு மட்டும் ஏன் வளையுது?"

"ஸ்லைடுல அப்படித்தான் போட்டிருக்கு."

"அது தெரியுது சார். ஏன்னு கேட்டேன்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "விடு லேசி, அவர்கிட்டப் பந்து ஏன் வளையுதுன்னு கேளு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். லேசி சிரிக்கவில்லை.

அவளை உங்களுக்குத் தெரியும். அம்மா மீன் கொட்டகையில் பெட்டி கட்டுகிறவர். வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் தெரியும் அணுமின் நிலையத்தில் லேசிக்குத் தொழிற்பயிற்சி இடம் கிடைத்திருக்கிறது, உங்களுக்குப் பிறகு வந்த செய்தி இது. ஒரு நிபந்தனை: இயற்பியலைத் தனிப்பாடமாக எழுதி, நல்ல தரம் எடுக்கவேண்டும். இந்த ஊரில் வேறென்ன வேலை இருக்கிறது, சொல்லுங்கள்.

"மிஸ்ஸோட அட்டைங்க எங்க சார்?" என்று தினமும் கேட்கிறார்கள். மறுபடிப்புக்கு நீங்கள் கையால் எழுதிய கேள்வி அட்டைகளாம். பள்ளி மின்னஞ்சலில் உங்கள் பெயரே இல்லை. ஆய்வுக்கூட உதவியாளர் பெவ் உங்கள் தங்கை வீட்டு முகவரியைக் கொடுத்தார். அட்டைகள் எங்கே? அதை மட்டும் சொல்லுங்கள். மன்னிப்பு வேண்டாம்.

ஜோயல் கார்ட்வெல்


மார்ச் 9
பெரிக்

ஜோயல்,

மூன்று வருடம் ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். நீ என் பிஸ்கட்டைக் கேட்காமல் எடுப்பாய். இவ்வளவு கோபமாக எழுதுவாய் என்று தெரியாது.

நான் ஓடவில்லை. போகிறேன் என்று என்னைச் சொல்லவைத்தார்கள். பள்ளியைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி, பாடத்தைப் பற்றி யாரிடமும் பேசமாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உனக்கு எழுதும் இந்தக் கடிதம்கூட அதற்கு விரோதம்தான். படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

பல்பு. இழை சூடாகிறது. சூடானதும் உள்ளே இருக்கும் அயனிகள் அதிகமாக அதிர்கின்றன, எலக்ட்ரான்கள் முட்டி மோதித்தான் போகவேண்டியிருக்கிறது. அதனால் மின்தடை கூடுகிறது, கோடு படுத்துக்கொள்கிறது. இதை வாசிக்காதே, செய்து காட்டு. பாதி வகுப்பைத் தாழ்வாரத்தில் நிறுத்து. மீதிப் பாதி நடந்து போகட்டும். பிறகு நிற்கிறவர்களைக் கையைக் காலை ஆட்டச் சொல். முழங்கையால் இடித்துக்கொண்டு யாராவது ஒருவன் கத்துவான். "அதுதான் மின்தடை" என்று சொல். ஆயுசுக்கும் மறக்கமாட்டார்கள்.

அட்டைகள் ஆய்வுக்கூடத்தின் தயாரிப்பு அறையில், மின்வழங்கிப் பெட்டிகளுக்குப் பின்னால், காலணிப் பெட்டி ஒன்றில் இருக்கின்றன. பாடத்துக்கு ஒரு கட்டு, ரப்பர் வளையம் போட்டிருக்கும். இந்நேரம் அணுக்கருப் பிளவு ஆரம்பித்திருப்பாய். லேசிக்குக் கொண்டாட்டமாக இருக்கும், அவள் போகப்போகிற இடமாயிற்றே.

இதற்குமேல் என்னிடம் கேட்காதே.

ஹிலரி ஸ்வார்பிரிக்


மார்ச் 14
மார்ஷ்கேட்

ஹிலரி,

தாழ்வாரம் வேலை செய்தது. கத்தினவன் பின்வரிசைக்காரன்தான், அந்தப் பந்து ஆசாமி. "சார், இவ என் விலாவை ஒடச்சிட்டா!" "ஒடயல, உன்னோட மின்தடை கூடியிருக்கு," என்றாள் லேசி. துணைத் தலைமையாசிரியர் கதவைத் திறந்து, "இது பாடமா, கலவரமா?" என்றார். அந்த வகுப்பில் முதல்முறையாக எனக்கு மணி அடித்தது காதில் விழவில்லை.

அட்டைகளும் கிடைத்தன. இரண்டிரண்டு பேராக முதுகோடு முதுகு ஒட்டி நின்று, ஒருவர் கேள்வியை வாசிக்க, தப்பாகச் சொன்னவர் உட்காரவேண்டும். அவர்களாகவே நின்றுகொண்டார்கள். நீங்கள் வைத்த சட்டமாம். என்னையும் நிறுத்தினார்கள். இரண்டாவது கேள்வியில் உட்கார்ந்தேன். கைதட்டல் வேறு.

ஒரு விஷயம். பாதிக் கட்டுகள் பழைய பாடத்திட்டம்போல. அணுக்கருப் பிளவு, வில்லைகள், நட்சத்திரங்களின் வாழ்வு, திரவ அழுத்தம், நெம்புகோல், நிலைமின்சாரம். எங்கள் நீலப் புத்தகத்தில் இவை எதுவும் இல்லை. "இதெல்லாம் தேர்வுக்கு வராது, குப்பையில போடுங்க," என்றேன். லேசி விடவில்லை.

"மிஸ் கைப்பட எழுதினது சார். நான் வச்சிக்கிறேன்."

"வராத பாடத்தை வச்சிக்கிட்டு என்ன பண்ணுவே?"

"வராதுன்னு யார் சொன்னா?"

"புத்தகம் சொல்லுது."

அத்தனை கட்டையும் பைக்குள் போட்டுக்கொண்டாள். பிடிவாதக்காரி.

முதல் கடிதத்தில் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். கொஞ்சம்தான்.

ஜோயல்


மார்ச் 17
பெரிக்

ஜோயல்,

நீலப் புத்தகமா?

நிதானமாக எழுதுகிறேன், நிதானமாகப் படி. இந்த நாட்டில் பதினாறு வயதுப் பிள்ளைக்கு இயற்பியல் இரண்டு விதம். மூன்று அறிவியலையும் சேர்த்துக் கட்டிய கூட்டு அறிவியல் ஒன்று, அதில் இயற்பியல் கொஞ்சம் சிறியது. அதற்குத்தான் நீலம். இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று மூன்றையும் தனித்தனியாக எழுதுகிறவர்களுக்கு முழு இயற்பியல். அதற்குப் பச்சை. நீ நடத்தும் வகுப்பு பச்சை வகுப்பு. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே அவர்கள் பச்சை வகுப்பு.

நீ குப்பையில் போடச் சொன்ன கட்டுகள்தான் அந்த வித்தியாசம். அவை எல்லாமே தேர்வில் வரும்.

நம் பள்ளியை நடத்தும் அறக்கட்டளையின் பொதுக் கோப்பில் பச்சை இன்னும் இருக்கிறதா என்று பார். தேடு. தேர்வுக்கு எதில் பெயர் பதிந்திருக்கிறார்கள் என்று தேர்வு அலுவலரிடம் கேள். தலைமையாசிரியரிடம் போகாதே, முதலில் அலுவலரிடம். நான் தப்பாக நினைத்திருந்தால் சந்தோஷப்படுவேன்.

ஹிலரி


மார்ச் 24
மார்ஷ்கேட்

ஹிலரி,

நீங்கள் தப்பாக நினைக்கவில்லை. பதிந்திருப்பது தனி இயற்பியல்தான். பச்சைப் புத்தகம் கோப்பில் இல்லை. நம் பள்ளியையும் இன்னும் பல பள்ளிகளையும் நடத்தும் அந்தப் புண்ணிய அறக்கட்டளை, போன கோடையில் எல்லாப் பள்ளிக்கும் ஒரே பாடம், ஒரே ஸ்லைடு, ஒரே புத்தகம் என்று முடிவு செய்து பச்சையை அழித்துவிட்டது. பெரும்பாலான பள்ளிகளில் தனி இயற்பியலே இல்லையாம். இருக்கிற ஒரு வகுப்புக்காக யார் மெனக்கெடுவார்கள்? பெவ் சொன்னார், நீங்கள் இதைப் பற்றி அப்போதே எழுத்தில் சண்டை போட்டீர்களாம். ஒத்துழைக்காத ஆசிரியை என்று பெயர் வாங்கினீர்களாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை?

அந்த வகுப்பில் எனக்குப் பதிலாக ஓர் இயற்பியல் ஆசிரியர் இருந்திருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பார். அதனால்தான் யாரையும் வைக்கவில்லை போல.

நான் தலைமையாசிரியரிடம் போனேன். போகாதே என்றீர்கள், போனேன்.

"அடடா," என்றார். நிஜமாகவே வருத்தமாகத்தான் இருந்தார். "பயப்படாதீங்க. பதிவை மாத்த இன்னும் நேரம் இருக்கு. மொத்த வகுப்பையும் கூட்டு அறிவியலுக்கு மாத்திடலாம். நீங்க நடத்தினதும் தேர்வும் ஒத்துப்போயிடும். யாருக்கும் நஷ்டமில்ல."

"வேதியியலும் உயிரியலும் முழுசாப் படிச்சிருக்காங்களே. அதுவும் போயிடுமே."

"கூட்டுல அதுவும் சேர்ந்துதானே வருது."

"லேசி ரிம்மருக்குத் தனி இயற்பியல் வேணும். இல்லேன்னா அந்த இடம் கிடைக்காது."

"ஒரு பிள்ளைக்காக இருபத்தாறு பேரோட தரத்தைப் பணயம் வைக்க முடியுமா ஜோயல்? நீங்க விளையாட்டுக்காரர், டீம் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா?"

ஓங்கி ஒன்று விட்டிருப்பேன். விடவில்லை. அடுத்த வருட வேலை உறுதியாகாத ஆள் நான். வாடகை வீடு, செப்டம்பரில் குழந்தை பிறக்கப்போகிறது. "சரி சார்," என்றேன். நீங்களும் அந்த அறையில் இப்படித்தான் சொல்லியிருப்பீர்கள்.

பள்ளி ஆட்சிக்குழு ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமை கூடுகிறது. பெற்றோர் வரலாம், பேசலாம். நீங்கள் வந்து, இது போன கோடையிலேயே தெரிந்த விஷயம் என்று சொன்னால் போதும். என் பேச்சை யாரும் கேட்கமாட்டார்கள். உங்கள் பேச்சைக் கேட்பார்கள்.

வருகிறீர்களா?

ஜோயல்


மார்ச் 30
பெரிக்

ஜோயல்,

வரமாட்டேன்.

காரணம் சொல்லவேண்டும், இல்லையா? கையெழுத்து ஒரு காரணம். அதைமட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் உன் கடிதத்தின் உறையைக்கூட என்னால் பிரிக்க முடிவதில்லை. தங்கைதான் பிரித்துத் தருகிறாள். நவம்பரில் நான் வெளியே போனது கோபத்தில் இல்லை. பலகையில் ஒரு சமன்பாட்டைப் பாதி எழுதினேன், மீதி என்னவென்று தெரியவில்லை. இருபது வருடமாக எழுதும் சமன்பாடு. பிள்ளைகள் முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். பிறகு லேசி எழுந்து வந்து மீதியை எழுதினாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே போனேன். அந்தக் கட்டடத்துக்குள் இன்னொரு முறை என்னால் நுழைய முடியாது.

என்னால் முடிந்தது பாடம் மட்டும். பச்சையில் இருந்த அத்தனையையும் ஞாபகத்திலிருந்து எழுதி இதோடு அனுப்புகிறேன். இங்கே உட்கார்ந்தால் எழுத வருகிறது. வேடிக்கைதான். நீ முதலில் படி, பிறகு நடத்து. அணுக்கருப் பிளவுக்கு பெவ்வின் பிஸ்கட் டின்னில் டாமினோ கட்டைகள் இருக்கும். ஒன்று விழுந்து இரண்டைத் தள்ளும்படி, அவை நான்கைத் தள்ளும்படி கிளைகிளையாக நிறுத்து. முதல் கட்டையை நீ தொடாதே, ஒரு பிள்ளை தொடட்டும். பிறகு எதுவும் பேசாமல் இரு. அவர்களே கேட்பார்கள்.

மறுபடிப்பு விதி ஒன்றுதான்: புத்தகத்தை மூடிவிட்டு எழுதச் சொல். திறந்து வைத்துக்கொண்டு வண்ணப் பேனாவால் கோடு போடுவது படிப்பில்லை, அலங்காரம்.

கடைசியில் ஒரு மாதிரித் தேர்வுத் தாள் வைத்திருக்கிறேன். முழு இயற்பியல். யார் எழுதினாலும் அனுப்பு, திருத்தித் தருகிறேன்.

ஹிலரி


ஏப்ரல் 12
மார்ஷ்கேட்

ஹிலரி,

ஈஸ்டர் விடுமுறையில் ஆய்வுக்கூடத்தைத் திறந்துவிட முடியாது என்றார்கள், காப்பீடு இல்லையாம். ரக்பி கிளப்பின் மேல்மாடியைக் கேட்டேன். ஈரக் காலுறை நாற்றம், பழைய பியர் நாற்றம். ஒன்பது பேர் வந்தார்கள். லேசி கெட்டிலில் டீ போட்டாள்.

முந்தின இரவெல்லாம் உங்கள் தாளைப் படித்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பாடம் எனக்குப் புரிந்தது. அந்தச் சந்தோஷம் இருபத்தாறு வயதில் வந்தால் கோபமாகத்தான் வருகிறது. எனக்கு யாரும் இப்படி நடத்தவில்லையே.

டாமினோவை பில்லியர்ட்ஸ் மேஜைமேல் நிறுத்தினோம். பந்து ஆசாமி தள்ளினான். சரசரவென்று எல்லாம் விழுந்தது. "இன்னொரு தடவ!" என்று கத்தினார்கள். திரும்ப நிறுத்தும்போது லேசி நடுவில் ஒரு கட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். அந்தக் கிளை நின்றது.

"சார், இந்தக் கட்டைய எடுத்தா அந்தப் பக்கம் நிக்குது. அப்ப உலைக்குள்ள நியூட்ரானைப் புடிச்சி வச்சிக்க எதாவது இருக்கணும்ல?"

"இருக்கு. கட்டுப்பாட்டுக் கம்பி."

"அதை யாரு மேல ஏத்திக் கீழ இறக்குவாங்க?"

"அங்க வேலை பாக்கிறவங்க."

"நான்," என்றாள்.

தேர்வுப் பதிவை மாற்றப்போவது அதுவரைக்கும் அவளுக்குத் தெரியாது. மறுநாள் எல்லோர் வீட்டுக்கும் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. மொத்த வகுப்பும் கூட்டு அறிவியலுக்கு மாற்றப்பட்டதாம், "பாட ஆசிரியரின் பரிந்துரைப்படி". பாட ஆசிரியர் நான்தான். நான் எதையும் பரிந்துரைக்கவில்லை. வியாழக்கிழமை ஆட்சிக்குழுவில் லேசியின் அம்மா வேலை உடையோடு, தலையில் வலைத்தொப்பியோடு வந்திருந்தார். என்னைப் பார்த்துக் கேட்டார்: "எம் பொண்ணு மேல உனக்கு என்னப்பா கோவம்?" தலைமையாசிரியர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து, "நான் சொல்லல," என்றேன். குழுத் தலைவர், "பணியாளர் விஷயங்கள இங்க பேச வேணாம்," என்றார். அவ்வளவுதான். அடுத்த பொருள் கார் நிறுத்துமிடம்.

போன கோடையில் நீங்கள் எழுதிய எச்சரிக்கையின் நகல் இருந்தால் அனுப்புங்கள். பதிவு இன்னும் முழுதாக மூடவில்லை. லேசி ஒருத்தியை மட்டுமாவது தனியாக எழுதவிடச் சொல்லிப் போராடுகிறேன்.

லேசி எழுதிய மாதிரித் தாள் இதோடு. புத்தகத்தை மூடிவிட்டுத்தான் எழுதினாள். நான் எதிரிலேயே இருந்தேன்.

ஜோயல்


ஏப்ரல் 21
பெரிக்

ஜோயல்,

நகல் இல்லை. பள்ளிக் கணினியில் இருந்தது, அது என்னிடம் இல்லை. இருந்தாலும் அனுப்பியிருப்பேனா என்று உண்மையாகவே தெரியவில்லை.

தாளைத் திருத்தி இதோடு வைத்திருக்கிறேன். வில்லையில் ஒரு கதிர்ப் படம் தப்பு, அம்புக்குறி போட மறந்திருக்கிறாள். எப்போதும் மறப்பாள். திரவ அழுத்தத்தில் அலகு விட்டுப்போயிருக்கிறது. மற்றபடி நான் பல வருடங்களில் திருத்திய சிறந்த தாள்களில் இது ஒன்று. கட்டுப்பாட்டுக் கம்பிக்கான பதிலை இரண்டு முறை படித்தேன், திருத்துவதற்காக இல்லை.

யார் திருத்தியது என்று அவளிடம் சொல்லாதே. யாரிடமும் சொல்லாதே. அறக்கட்டளையின் வக்கீலிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. மரியாதையான கடிதம். என் கையெழுத்தை ஞாபகப்படுத்துகிறார்கள். உன்னோடு எழுதிக்கொள்வது அவர்களுக்குத் தெரியுமா, சும்மா பயமுறுத்துகிறார்களா, தெரியவில்லை.

தங்கை இனிமேல் உறையைப் பிரிக்கமாட்டேன் என்கிறாள். நீ எழுதலாம். நான் பதில் எழுதுவேன் என்று சொல்ல முடியாது.

ஹிலரி


மே 22
மார்ஷ்கேட்

ஹிலரி,

இன்று இயற்பியல் தாள். கூட்டு. லேசியை மட்டும் தனியாக விடச் சொன்னேன். "ஒருத்திக்கு ஒரு நியாயம், மத்தவங்களுக்கு வேறயா?" என்றார்கள். நியாயம் என்ற சொல்லை அவர்கள் வாயால்தான் கேட்கவேண்டும்.

உடற்பயிற்சி மண்டபத்திலிருந்து பிள்ளைகள் வெளியே வந்தார்கள். நல்ல வெயில், எல்லோரும் புல்லில் விழுந்து புரண்டார்கள். லேசி மட்டும் சுவரோரம் நின்றாள்.

"எப்படி?"

"ஈசி சார். பல்பு வந்துச்சு. தாழ்வாரத்த எழுதிட்டேன்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான். பிளவு வரல, வில்லை வரல, நட்சத்திரம் வரல. நான் படிச்சது எதையும் யாரும் கேக்கவே இல்ல."

அழவில்லை. நீங்கள் எழுதிய அட்டைக் கட்டு சட்டைப் பையில் துருத்திக்கொண்டு இருந்தது. வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் அணுமின் நிலையத்தின் இரண்டு சாம்பல் கட்டடம் பளிச்சென்று தெரிந்தது. "தண்ணி குடி," என்றேன். விளையாட்டில் அடிபட்டவனிடம் அதைத்தான் சொல்வோம்.

அவளே அணுமின் நிலையத்தின் பயிற்சி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறாள். நடந்ததை அப்படியே சொல்லியிருக்கிறாள். பதில் வந்ததும் எழுதுகிறேன்.

ஜோயல்


ஜூன் 13
மார்ஷ்கேட்

ஹிலரி,

பதில் வந்துவிட்டது. உங்களுடையது இல்லை, பயிற்சி அலுவலகத்துடையது. சான்றிதழ் இல்லாவிட்டாலும் பரிசீலிப்பார்களாம். முழு இயற்பியலையும் இவள் படித்துத் தேறியிருக்கிறாள் என்று தகுதி பெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் எழுதித் தரவேண்டும். திருத்திய தாளையும் இணைக்கலாம்.

நான் எழுதிக் கொடுத்தேன். மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உடற்பயிற்சி ஆசிரியர் கையெழுத்து செல்லாது. பள்ளியில் கேட்டேன், அவள் எழுதாத தேர்வைப் பற்றிப் பள்ளி எப்படிச் சொல்லும் என்கிறார்கள். தகுதி பெற்ற இயற்பியல் ஆசிரியர் இந்தக் கட்டடத்தில் யாரும் இல்லை. ஊரிலேயே எனக்குத் தெரிந்து இல்லை.

அவள் தாளைத் திருத்தினவர் நீங்கள். உங்கள் சிவப்பு மை அதில் இருக்கிறது, பெயர் மட்டும் இல்லை. பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். அறக்கட்டளையைத் திட்டவேண்டாம். இங்கே வரவும் வேண்டாம். ஏப்ரலிலேயே நீங்கள் எனக்கு எழுதிய அதே வரி: இது சிறந்த தாள். அதன் கீழே உங்கள் பெயர்.

வக்கீல் இதற்கும் வருவாரா? வரலாம். எனக்குத் தெரியாது. எனக்கு வேலை போய்விட்டது, அதனால் நான் தைரியமாகப் பேசுகிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். ஜூலையோடு என்னை அனுப்புகிறார்கள். பரிந்துரை செய்த பாட ஆசிரியர் நான்தானே, தப்பும் என்னுடையதாம். போகட்டும்.

இருபதாம் தேதியோடு பயிற்சி அலுவலகத்தில் பட்டியலை மூடுகிறார்கள். தாளை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். திரும்ப அனுப்ப அஞ்சல்தலை ஒட்டிய உறையும் இருக்கிறது. உங்கள் தங்கை பிரிக்காவிட்டால் நீங்களே பிரியுங்கள்.

தினமும் காலையில் ஆய்வுக்கூடக் கதவருகே வந்து நிற்கிறாள். தேர்வெல்லாம் முடிந்துவிட்டது, பள்ளிக்கு வரவேண்டிய அவசியமே இல்லை அவளுக்கு. "மிஸ் கையெழுத்துப் போட்டாங்களா சார்?"

போடுங்கள், ஹிலரி.

ஜோயல்